ஆறாம் எண் குரல்

மூன்றாம் எண்ணும் ஆறாம் எண்ணும் ஒரே பெண்ணின் குரல் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. குரலுக்குச் சொந்தக்காரியான வானொலிக்கு, சோதனையை நடத்திய பேராசிரியருக்கு, அதைப் பதிவு செய்த எனக்கு. மூன்று பேரோடு அது நின்றிருக்கலாம்.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மீட்டர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். உலகமெல்லாம் புழங்கும் மொழி என்று சொல்லப்படுகிற ஆங்கிலத்தைப் பற்றி மாணவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அந்த வருடம் அவர் அளக்க வந்த சங்கதி. ஆனால் அவர் யாரிடமும் நேரடியாகக் கேட்கவில்லை.

"கேட்டா எல்லாரும் ரெண்டு மொழியும் ரெண்டு கண்ணுன்னு பாட்டு பாடுவாங்க. எந்தக் கண்ணுல பார்வை மங்கல்னு நாமதான் சோதிச்சுப் பாக்கணும்" என்றார்.

அவருடைய சோதனை எளிமையானது. ஒரே ஆளை ஒரே பத்தியை இரண்டு மொழியிலும் பேச வைப்பார். இடையில் வேறு சிலரின் குரல்களைக் கலந்து, எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து, எட்டு வெவ்வேறு ஆட்கள் பேசுவதைப் போல மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். கேட்பவர்கள் ஒவ்வொரு குரலுக்கும் அறிவு, படிப்பு, நம்பகம், தலைமை, நட்பு என்று ஐந்து கட்டங்களில் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போட வேண்டும். கடைசியில் ஒரு வரி காலியாக இருக்கும்: 'இவர் என்ன வேலை செய்பவராக இருக்கலாம்?'

ஒரு விதி மட்டும் கண்டிப்பு. பேசுவது யார் என்று கேட்பவர்களில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டாலும் அந்தக் குழுவின் படிவக் கட்டு முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு, புது ஆட்களை வைத்து மறுபடி நடத்த வேண்டும். இந்த விதியை அவர் ஆய்வகக் கதவில் ஒட்டியே வைத்திருந்தார்.

வானொலி என் வகுப்புத் தோழி. வாய் ஓயாதவள், அதனால் அந்தப் பெயர். அவளுடைய அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. பள்ளி விட்டதும் அம்மாவின் வேலை முடியும்வரை வார்டு நடையில் உட்கார்ந்து வளர்ந்தவள். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்த்த டாக்டர்கள் அவளைக் கொஞ்சிக் கொஞ்சியே ஆங்கிலம் பழக்கிவிட்டார்கள். எங்கள் யாருக்கும் வாய்க்காத ஆங்கிலம் அது. தண்ணீர் மாதிரி வரும். ஆனால் ஆய்வேட்டைத் தமிழில்தான் எழுதுவேன் என்று நின்றாள். அறுபது நோயாளிகளிடம், டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதியிருந்தாள். எழுதி முடித்ததும் படிக்கத் தருவதாக அறுபது பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"பேசுனவங்க படிக்க முடியாததை எழுதி நான் யாருக்குக் குடுக்கப் போறேன் மேடம்? அலமாரிக்கா?"

"தமிழ்ல எழுதுனா அந்த அறுபது பேரு படிப்பாங்க. அதோட சரி. உலகத்துல வேற யாரும் தொடக்கூட மாட்டாங்க."

"அறுபது பேரு படிச்ச ஆய்வேடு நம்ம துறையில வேற எது மேடம் இருக்கு?"

மீட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் அந்தப் பந்தயத்தைச் சொன்னார். சோதனைக்கு நீயே குரல் கொடு. உன் தமிழும் உன் ஆங்கிலமும் மோதட்டும். நாற்பது மாணவர்கள் சொல்லட்டும். தமிழ்க் குரல் ஒரு புள்ளிகூடக் குறையாமல் நின்றால் நான் கையெழுத்துப் போடுகிறேன். குறைந்தால் ஆங்கிலத்தில் எழுது. மாத முடிவில் ஆய்வேட்டின் மொழியைப் பதியும் படிவம் அலுவலகத்துக்குப் போய்விடும், அதன் பிறகு யாராலும் மாற்ற முடியாது.

"ஒரே தொண்டை மேடம். காது இருக்கிறவன் கண்டுபிடிச்சிருவான்" என்றாள் வானொலி.

நான் மீட்டரின் ஆய்வு உதவியாளன். அந்த வேலைக்காக எனக்குக் கிடைத்தது துறை நூலகத்தின் பின்னறைச் சாவி. அந்த அறையில்தான் மொழிபெயர்ப்பு நாவல்கள் இருந்தன. ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச எனக்கு வராது. ஆனாலும் நான் பார்க்காத உலகம் இல்லை. பனியில் புதைந்த ரயில் நிலையங்களிலும், குதிரைகள் மூச்சுவிட ஆவி பறக்கும் தெருக்களிலும், யாரும் இறங்காத துறைமுகங்களிலும் தமிழிலேயே அலைந்து திரிந்தவன். எப்போதும் பனியைப் பற்றியே பேசுவதால் என்னைப் பனிமூட்டம் என்பார்கள். நான் படித்து முடித்த புத்தகம் அடுத்து வானொலிக்குப் போகும். கேட்கவெல்லாம் மாட்டாள். என் பையைத் திறந்து அவளே எடுத்துக்கொள்வாள்.

பத்தியைப் பதிவு செய்த அன்று காதொலிப்பானை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். மழையால் ரயிலைத் தவறவிட்ட ஒரு பெண்ணின் கதை. முதலில் ஆங்கிலத்தில் பேசினாள். பிறகு தமிழில். தமிழ் என் காதில் விழுந்தபோது, வாசலில் யாரோ தெரிந்தவர் வந்து செருப்பைக் கழற்றுவது போல இருந்தது. ஆங்கிலம் ஓடும்போது என்ன செய்தேன் என்பதை அவள்தான் சொன்னாள்.

"சட்டைக் காலரை எதுக்குடா சரிபண்ண? நான் என்ன உன்னை இன்டர்வியூவா எடுக்குறேன்?"

"சும்மா அரிச்சுது."

"உனக்கே அரிக்குதுன்னா, நான் தோத்தேன் போ" என்று சிரித்தாள்.

முதல் இருபது பேர் செவ்வாய்க்கிழமை வந்தார்கள். எல்லோரும் முதலாமாண்டு அறிவியல் பிள்ளைகள், அவளைப் பார்த்தே இராதவர்கள். அவர்கள் போன பிறகு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து கூட்டினேன். மூன்றாம் எண், ஆங்கிலம்: ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஆறாம் எண், தமிழ்: ஐந்நூற்று ஒன்று.

பதினொரு புள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று முறை கூட்டினேன், பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

வானொலியிடம் சொல்லக் கூடாது. சொன்னேன். மரத்தடிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் பாட்டிலை மூடாமல் நின்றாள்.

"நெசமாவா? பதினொண்ணுதானா?"

"பதினொண்ணுதான்."

"அப்ப ஏறிடும்டா. மீட்டர் மூஞ்சியப் பாக்கணும் எனக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு விரலை நீட்டினாள். "பனிமூட்டம், நீ எதுவும் பண்ணாத. உன் கண்ணு ரெண்டும் கதையில வர்ற ஆளு மாதிரி மினுங்குது. சும்மா இரு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

நான் சும்மா இருக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை வரப்போகிற இருபது பேரும் மேலாண்மைத் துறை இறுதியாண்டு மாணவர்கள், என் விடுதித் தளத்துக்காரர்கள். காலையில் சலவை அறையில் இஸ்திரி மேசைக்கு வரிசை கட்டி நிற்பார்கள். வேலைக்கு ஆள் எடுக்க நிறுவனங்கள் வரும் பருவம் அது. அவர்களில் ஒருவனுக்கு டை என்று பெயர். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவான் என்பார்கள். முகம் கழுவும் கண்ணாடி முன் நின்று, தன்னைப் பற்றித் தானே ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவான். அதே எட்டு வாக்கியங்கள். ஆறாவதில் தடுக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். இன்னொருவன் பெரியப்பா. இருபத்தைந்து வயதிலேயே முன்தலை வழுக்கை.

அவர்களிடம்தான் சொன்னேன். ஆறாம் எண் நம்ம வானொலி, மூன்றாம் எண்ணும் அவள்தான், தமிழில் எழுத அவள் படும் பாடு இது, பதினொரு புள்ளிதான் குறைகிறது, நீங்கள் ஆளுக்கு ஒன்று கூட்டிப் போட்டாலே போதும். நான் படித்த கதைகளில் எல்லாம் இப்படி ஓர் இடம் வரும். தெரியாத மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், பேசாமல் ஒரே பக்கம் நிற்பார்கள். அந்தப் பக்கங்களை நான் ரயிலிலும் கழிவறை வாசலிலும் நின்று கண்ணீரோடு படித்திருக்கிறேன்.

"ஓ, அந்தப் பொண்ணா?" என்றான் டை, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து. "கவலையே படாத மச்சி. நாங்க பாத்துக்கறோம்."

"நம்ம பொண்ணுடா அது" என்றார் பெரியப்பா.

வரிசையில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மிதந்துகொண்டே ஆய்வகத்துக்குப் போனேன்.

வியாழனன்று அவர்கள் காதொலிப்பானோடு உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியிலிருந்து பார்த்தேன். மூன்றாம் எண் ஓடியபோது யாரும் அசையவில்லை. டை கண்களை மூடிக்கொண்டான், உதடுகள் லேசாக அசைந்தன. கூடவே சொல்லிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. ஆறாம் எண் வந்தபோது ஒருவன் இன்னொருவனை முழங்கையால் இடித்தான். இருபது பேனாக்களும் குனிந்தன. ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் எண்: அறுநூற்று எண்பத்தெட்டு. ஆறாம் எண்: நூற்று முப்பத்தொன்று. இருபது பேரும் எல்லாக் கட்டத்திலும் ஒன்று போட்டிருந்தாலே நூறு வந்துவிடும்.

படிவங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் வராந்தாவில் டையைப் பிடித்தேன்.

"ஏன்டா?"

"என்ன ஏன்? அவளுக்கு நல்லதுதானே பண்ணிருக்கோம்."

"நல்லதா?"

"நீ கேட்டியா இல்லையா அந்தக் குரலை?" டை என் கையை விலக்கினான். "மூணு வருஷமா கண்ணாடி முன்னாடி நிக்கிறேன்டா. எங்கப்பா போன்ல, இங்கிலீஷ்ல எதாச்சும் பேசுப்பா கேப்போம்னு சொல்லுவாரு. எட்டு வரி. அதுகூட வர மாட்டேங்குது எனக்கு. அவளுக்கு ஓசில வருது. வச்சுக்கிட்டே வேணாங்கிறா. பசிச்சவன் எதுக்கால உக்காந்து சோத்தைத் தள்ளிவிடுறதுக்குப் பேரு என்ன தெரியுமா? திமிரு."

"ஒண்ணு சொல்றேன் கேளு தம்பி" என்றார் பெரியப்பா. "அவ தமிழ்ல எழுதிப் பேரு வாங்கிட்டான்னு வை, நாளைக்கு எல்லாரும் அப்படியே எழுதுங்கன்னு வந்து நிப்பானுங்க. அப்புறம் எங்களை எவன் வேலைக்கு எடுப்பான்? நீயும் உன் பனியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு என் மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்து படிவங்களை அடுக்கும்போதுதான் முப்பத்துநான்காம் படிவத்தைப் பார்த்தேன். ஆறாம் எண்ணுக்கு ஐந்து கட்டத்திலும் ஒன்று. என்ன வேலை செய்பவர் என்ற வரியில் அழகான கையெழுத்தில் இருந்தது: 'வேலை வேணும்னா ஒழுங்கா இங்கிலீஷ்ல எழுதும்மா வானொலி.'

அந்த ஒரு தாள் போதும். மீட்டரிடம் கொடுத்தால் கட்டு முழுவதும் குப்பைக்குப் போகும். புதிதாக இருபது பேர் வருவார்கள், பதினொரு புள்ளி மறுபடி பதினொரு புள்ளியாகிவிடும். வானொலிக்கு ஒரு வாய்ப்பு இருக்கும். ஆனால் அடுத்த கேள்வி, யார் சொன்னது என்பது. மூன்று பேருக்குத்தான் தெரியும். சாவி போகும். பின்னறை போகும். நான் எந்தத் துறைமுகத்தில் போய் நிற்பேன்?

படிவத்தை மடித்து, பாதி படித்திருந்த நாவலுக்குள் வைத்தேன். தீவு ஒன்றில் தனியாக வேலை பார்க்கும் தந்தி ஊழியரின் கதை. எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து முப்பத்துநான்கு என்று எண்ணிட்டேன். மதிப்பெண்களைப் பார்த்து எழுதினேன். ஆறாம் எண்ணுக்கு ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் கை நின்று நின்றுதான் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. வேலை என்ற வரி மிச்சம் இருந்தது. மற்றவர்கள் எழுதியதைப் போல இருக்க வேண்டும், சந்தேகம் வரக் கூடாது. இடது கையால் எழுதினேன்: 'ஆஸ்பத்திரி ஆயா.'

ஏன் அதை எழுதினேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். உலகத்தில் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

மீட்டர் முடிவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். சந்தேகப்படுவார் என்று பயந்தேன். அவர் முகம் கல்யாண வீடு போல இருந்தது.

"பாத்தியா? முதல் வருஷப் பசங்களுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. கடைசி வருஷம் வரும்போது மலைக்கும் மடுவுக்கும் ஆயிடுச்சு. பல்கலைக்கழகம் உள்ள விட்டு வெளிய அனுப்புறதுக்குள்ள என்ன பண்ணுதுன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இதுதான்டா என் கண்டுபிடிப்பு!"

வானொலியை அழைத்துவரச் சொன்னார். அவள் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மொத்தக் கணக்கைச் சொன்னார் மீட்டர். ஆயிரத்து இருநூறு, அறுநூற்று முப்பத்திரண்டு. அவள் என்னைப் பார்த்தாள். பதினொன்று என்று சொன்னாயே என்பது போல. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மீட்டர் கொடியவர் அல்ல. ஆராய்ச்சிக்காரர், அவ்வளவுதான். தான் கண்டுபிடித்ததைப் பகிர்ந்துகொள்ள ஆசைப்பட்டார். படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி வாசித்தார்.

"உன் இங்கிலீஷுக்கு என்ன போட்டிருக்காங்க பாரு. தூதர். இதய டாக்டர். விமானி. ஒருத்தன் நீதிபதின்னு எழுதிருக்கான். இப்ப உன் தமிழு. காய்கறிக் கடை. வீட்டு வேலை. டிக்கெட் கிழிக்கிறவங்க. சீரியல் பாக்கிறவங்க..."

"சீரியல் பாக்கிறது வேலையா மேடம்?" என்று வானொலி சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அதுவரை அவளால் முடிந்தது.

"முப்பத்துநாலு. ஆஸ்பத்திரி ஆயா." மீட்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இது வித்தியாசமா இருக்கு இல்ல? ரொம்பக் குறிப்பா எழுதிருக்கான்."

அவளுடைய அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று மீட்டருக்குத் தெரியாது. வானொலி அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். குழந்தை எழுதியதைப் போலக் கோணிக்கிடந்த அந்த எழுத்துகளின் மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள்.

"குரல்லகூடத் தெரியுமா மேடம், அது?"

"எது?"

"ஒண்ணுமில்ல. மொழிப் படிவம் குடுங்க. எங்க கையெழுத்து?"

மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனாள். நான் பின்னாலேயே ஓடி படிக்கட்டில் பிடித்தேன்.

"விடு வானொலி. முட்டாப் பசங்க."

"முட்டாப் பசங்க இல்லடா" என்றாள். கண் ஈரமாகக்கூட இல்லை. "எங்கம்மாவோட பேச்சுதான் எனக்கும். கேட்டவன் சரியாத்தான் கேட்டுருக்கான். அந்த ஒருத்தனுக்குத்தான் உண்மையிலேயே காது இருக்கு."

நான் தலையாட்டினேன்.

மாதம் முடிந்தது. மொழிப் படிவங்கள் அலுவலகத்துக்குப் போயின. மீட்டர் தன் கண்டுபிடிப்போடு வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் பயணச்சீட்டு எடுத்தார். கட்டுரையின் முதல் அடிக்குறிப்பில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார், ஆங்கிலத்தில். வானொலி அறுபது பேரின் பேச்சையும் மொழிபெயர்க்கத் தொடங்கினாள். அவள் அம்மா வார்டில் யாராவது, பாப்பா எழுதினது எப்ப வரும் என்று கேட்டால், வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் ஆய்வகத்துக்கு வந்தபோது நான் காதொலிப்பான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வழக்கம் போல என் பையைத் திறந்தாள். தந்தி ஊழியரின் நாவலை நான் முடித்திருக்கவில்லை, அன்றைக்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. ஆகவே மறந்தும் போயிருந்தேன். "இதை எடுத்துக்கறேன்டா, மொழிபெயர்த்து மொழிபெயர்த்து மண்டை காயுது" என்றபடி அவள் போய்விட்டாள். அவள் படியிறங்கி முடித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. நான் அப்படியே நின்றேன். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை வந்தாள். புத்தகத்தை என் மேசையில் வைத்தாள். உள்ளே நான் வைத்த அதே பக்கத்தில் முப்பத்துநான்காம் படிவம் இருந்தது. மடிப்பு மட்டும் பிரிக்கப்பட்டு, மறுபடி ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது. அதே எண் போட்ட இன்னொரு தாளை மீட்டரின் அறையில் அவள் தன் விரலால் தொட்டிருக்கிறாள்.

"வானொலி, அது வந்து... நான் உனக்காகத்தான்..."

அவள் ஆங்கிலத்தில் பேசினாள். மூன்றாம் எண் குரலில். புத்தகம் நன்றாக இருந்தது என்றும், தந்தி ஊழியர் வந்த செய்திகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் இடம் மிகவும் நம்பும்படியாக இருந்தது என்றும், கொடுத்ததற்கு நன்றி என்றும் சொன்னாள். எல்லாம் எனக்குப் புரிந்தது. என் கை காலரை நோக்கிப் போனதையும் உணர்ந்தேன்.

"தமிழ்ல திட்டுடி. செருப்பால அடி. நான் வாங்கிக்கறேன்."

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், மொழி தெரியாத ஊரில் வழி கேட்டவள் போல. மன்னிக்கவும், நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை என்றாள், ஆங்கிலத்தில்.

அன்றிலிருந்து அப்படித்தான். உணவுக்கூடத்தில் பரிமாறும் அம்மாவிடம், "என்னக்கா, இன்னிக்கும் சாம்பார்ல நீச்சல் போட்டியா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் தட்டோடு பின்னால் வந்து நின்றால் குரல் மாறிவிடும். வணக்கம், நலமா, வானிலை நன்றாக இருக்கிறதல்லவா என்பாள். ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதை.

ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள். ஆங்கில ஆய்வேட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு அதன் வாசலில் நின்றிருந்தாள். இரண்டு வாரமாக நானும் முகம் கழுவும் கண்ணாடி முன் நின்றிருந்தேன், டைக்குப் பக்கத்திலேயே. ஐந்து வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். அவள் முன்னால் போய் நின்றேன். முதல் வாக்கியம் பாதியில் முறிந்தது. இரண்டாவது வரவேயில்லை. அவள் காத்திருந்தாள், அவசரமில்லாமல், அதிகாரி ஒருவர் வரிசையில் நிற்கும் ஆளுக்காகக் காத்திருப்பதைப் போல.

கடைசியில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் கிடைத்தது. எல்லோருக்கும் தெரிந்த சொல். பேருந்தில் காலை மிதித்தால்கூட அதைத்தான் சொல்வார்கள்.

"சாரி" என்றேன்.

பரவாயில்லை என்று அதே மொழியில், காலை யாரோ லேசாக மிதித்துவிட்டதைப் போலச் சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.